வலக்கைத் தமனி இடப்பக்கம் பிறந்தால்

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த மாதத்திலிருந்து தைராய்டு அறுவைகளில் உதவிக்கு நிற்கப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து ஒன்றை உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தவிப்பாக இருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் பாதியில் நின்றுவிடும்.

பெருந்தமனியின் வளைவிலிருந்து முதலில் வலக்கைக்கும் தலையின் வலப்பக்கத்துக்கும் பொதுவான பிரேக்கியோசெஃபாலிக், அடுத்துத் தலைக்குப் போகும் இடது கரோட்டிட், கடைசியில் இடக்கைக்குப் போகும் இடது சப்கிளேவியன் என மூன்று கிளைகள் புறப்படுவதாக ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்தவன் நான். பெரும்பாலோருக்கு அப்படித்தான். முதல் இரண்டும் ஒரே அடியிலிருந்து பிரிவதும், கழுத்து வழியே மூளைக்குப் போகும் இடது வெர்டிப்ரல் தமனி நேரே வளைவிலிருந்து தோன்றுவதும் உண்டு. முன்னதை 'மாட்டு வளைவு' என்பார்கள். மாட்டுக்குக் கிளைகள் அப்படிப் பிரிவதில்லை என்பதால் அந்தப் பெயரை நான் வகுப்பில் பயன்படுத்தியதில்லை.

உனக்குச் சொல்ல வந்தது இவற்றைவிட அரிதானது. நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வலது சப்கிளேவியன், முதல் கிளையிலிருந்து பிரியாமல் வளைவின் கடைசிக் கிளையாக இடப்பக்கத்தில் பிறந்து, பெரும்பாலும் உணவுக்குழாய்க்குப் பின்னால் குறுக்கே ஓடி, வலக்கையைச் சென்றடையும். கருவில் இருபுறமும் தோன்றும் வளைவுத் தமனிகளில் வலப்பக்கத்து நான்காவது மறைந்துபோவதால் இது நேர்கிறது. பலருக்கு வாழ்நாள் முழுதும் தொல்லை இராது. சிலருக்கு விழுங்குவது சிரமமாகும். அப்படி நெடுங்காலம் துன்புற்று இறந்த ஒரு பெண்ணின் உடலில் இந்தத் தமனியைக் கண்டு, 1794இல் வெளியான கட்டுரையில் விவரித்தவர் டேவிட் பேஃபோர்டு என்ற ஆங்கிலேய மருத்துவர். இதை அவர் 'லூசஸ் நேச்சுரே', அதாவது இயற்கையின் விளையாட்டு என்றார். இந்தத் தமனிக்கு வழங்கும் 'லூசோரியா' என்ற பெயர் அந்த லத்தீன் சொல்லிலிருந்தே வந்தது.

நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு மாணவி, தன் மேசையிலிருந்த உடலில் முதல் கிளையைக் காணவில்லை என்று வந்து நின்றாள். அறுக்கும்போது சிதைத்திருப்பாய், அடுத்த மேசையில் பார் என்று அனுப்பிவிட்டேன். மாலையில் நானே சென்று பார்த்தபோது, உணவுக்குழாய்க்குப் பின்னே அந்தத் தமனி சிதையாமல் முழுதாக இருந்தது. மறுநாள் அவளிடம் தவற்றை ஒப்புக்கொண்டு, வகுப்பு முழுவதையும் அந்த மேசைக்கு அழைத்தேன். ஆனாலும் முதல் நாள் அவள் முகம் வாடியது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

உன் கத்திக்கும் இதற்கும் உள்ள தொடர்பு நரம்பில் இருக்கிறது. குரல்வளையை இயக்கும் வலது ரிகரண்ட் லாரிஞ்சியல் நரம்பு, சப்கிளேவியனின் அடியில் வளைந்து, மூச்சுக்குழலையொட்டி மேலே ஏறும் என்று படித்திருக்கிறாய். தமனி இடம் மாறிப் பிறந்தவர்களுக்கு அதைக் கீழே இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லாததால், நரம்பு கழுத்திலேயே வேகஸ் என்ற தாய் நரம்பிலிருந்து பிரிந்து, கிட்டத்தட்டக் குறுக்காகக் குரல்வளைக்குள் போய்விடும். அது தைராய்டுக்கு வரும் சிறு தமனியைப் போலத் தோன்றும். அப்படி நினைத்துக் கட்டி வெட்டிவிட்டால் நோயாளியின் குரல் கெட்டுவிடும்.

ஆகவே வலப்பக்கம் அறுக்கும் முன், சி.டி. படம் இருந்தால் அறிக்கையை மட்டும் நம்பாமல் வளைவின் கிளைகளை நீயே எண்ணிப் பார். நரம்பு வழக்கமான இடத்தில் தென்படவில்லையென்றால், குறுக்கே ஓடும் எதையும் அது இன்னதென்று தெளியும்வரை கட்ட வேண்டாம் என்று உன் மூத்தவரிடம் தயங்காமல் சொல். இளையவள் எப்படிச் சொல்வது என்று ஒதுங்கி நின்றுவிடாதே.

முதல் அறுவை முடிந்த இரவே, நரம்பை எந்த இடத்தில் கண்டாய் என்று படம் வரைந்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா