இடுப்பு முறிந்த முதியவர்களுக்கும் அந்த 48 மணி நேரம் வேண்டும்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வி இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர் ஆகியோருக்கும்,

வணக்கம்.

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்பதை 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின் பெயரிலேயே அரசு எழுதி வைத்தது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்துக்காரர் என்று பார்க்காமல் அங்கே சிகிச்சை தொடங்குகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்த (இதைத்தான் இடுப்பு முறிவு என்கிறோம்) 75 வயதுப் பாட்டிக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. அவருக்கும் கெடு ஏறக்குறைய அதே 48 மணி நேரம்தான். ஆனால் நம் வார்டுகளில் பலமுறை அவர் அவசர அறுவைப் பட்டியலில் ஏறுவதில்லை. தன்னைப் பார்க்கும் மருத்துவர் குழுவுக்கு (யூனிட்) அறுவை அரங்கு ஒதுக்கப்படும் அடுத்த தியேட்டர் நாளுக்குக் காத்திருப்பவர்களில் ஒருவராகிவிடுகிறார்.

காத்திருந்தால் என்ன ஆகும்? முறிந்த காலோடு திரும்பிப் படுக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடச் சொல்லி எழுதுகிறோம். வலியால் அவர் அலறும்போது புரட்ட வந்த மகள் கையை எடுத்துவிடுகிறார். முதுகின் கீழ்ப்புறமும் குதிகாலும் சிவந்து படுக்கைப்புண் தொடங்குகிறது. மல்லாந்தே கிடப்பதால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வருகிறது. காலில் இரத்தம் உறைகிறது, சிறுநீர்க் குழாய் வழியே தொற்று ஏறுகிறது, இரவில் மனம் குழம்பி யாரையும் அடையாளம் தெரியாமல் போகிறது. பிறகு, 'உடம்பு தாங்காது' என்று அறுவை மேலும் தள்ளிப்போகிறது. தாங்காத உடம்பாக அதை ஆக்கியது பெரும்பாலும் அந்தக் காத்திருப்புதான். காலில் செங்கல்லோ மணல் மூட்டையோ தொங்கவிடும் வழக்கம் வலியைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தொடை இடுக்கில் நரம்பருகே போடும் மரப்பு ஊசி நன்றாகவே குறைக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவிலேயே அதைப் போட முடியும்.

தாமதத்தின் முதல் இடம் 'பிட்னஸ்', அதாவது அறுவையை உடம்பு தாங்குமா என்ற சோதனை. வயதானவர் என்றாலே எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து வரச் சொல்கிறோம். எக்கோ வரிசையில் இரண்டு மூன்று நாள் போகிறது. எக்கோவில் என்ன வந்தாலும் அறுவை செய்யத்தான் போகிறோம் என்றால், அதற்காக நிறுத்தி வைப்பதில் பொருளில்லை. மயக்க மருந்தின் முறையை மாற்றிக்கொண்டால் போதும். எதற்காக நிறுத்தலாம் என்று பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2011-இலேயே ஒரு சிறு பட்டியல் கொடுத்திருக்கிறது: இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழ்; சோடியம் 120-க்குக் கீழ் அல்லது 150-க்கு மேல்; பொட்டாசியம் 2.8-க்குக் கீழ் அல்லது 6-க்கு மேல், கட்டுக்கடங்காத சர்க்கரை, திடீர் இதயச் செயலிழப்பு, சரிசெய்யக்கூடிய, நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டிய தாறுமாறான இதயத் துடிப்பு, உடல் முழுக்கப் பரவிய நெஞ்சுத் தொற்று, சரிசெய்யக்கூடிய இரத்த உறைவுக் கோளாறு. ஒரு பக்கத் தாளில் இது அடங்கும். தமிழ்நாட்டின் எல்லா எலும்பு முறிவு வார்டுகளுக்கும் அரசாணையாக அனுப்பலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறவரை, முதுகில் ஊசி போட முடியாது என்று ஒரு வாரம் படுக்க வைப்பதும் இதில் சேர்த்தி. முழு மயக்கம் என்றொரு வழி இருக்கிறதே.

இரண்டாவது இடம் தியேட்டர் பட்டியல். ஒரு யூனிட்டுக்கு வாரத்தில் இரண்டு தியேட்டர் நாள் என்று வைத்துக்கொண்டால், அதில் முதியவரின் இடுப்பு பெரும்பாலும் கடைசி. இரவு பத்து மணியிலிருந்து பட்டினி. மதியம் இரண்டுக்கு மேல் புதிதாக யாரையும் மேசையில் ஏற்றுவதில்லை என்பது பல இடங்களில் எழுதப்படாத விதி. முந்தைய கேஸ் இழுத்தால் இவர் வார்டுக்குத் திரும்புவார், அடுத்த தியேட்டர் நாளில் இதே பட்டினி மறுபடியும். திட உணவுக்கு ஆறு மணி நேரம், தண்ணீருக்கு இரண்டு மணி நேரம்தான் விதி. பதினாறு மணி நேரம் நாக்கு வறள வைப்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. இடுப்பு முறிவைப் பட்டியலின் முதல் கேஸாக வைக்க உத்தரவிடுங்கள். அதற்குச் செலவே கிடையாது. அப்படியும் தள்ளிவைக்க நேர்ந்தால், காரணத்தையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதி, தள்ளிவைத்தவர் கையெழுத்திடட்டும்.

மூன்றாவது, உள்ளே பொருத்தும் பொருள். அரசு மருத்துவமனையில் அறுவைக்குக் கட்டணம் இல்லைதான். ஆனால் பைபோலார் எனும் செயற்கை இடுப்பு மூட்டும் தொடை எலும்புக் கம்பியும் வருவது பல இடங்களில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட ஒப்புதலுக்குப் பிறகுதான். இங்கே சிக்கல் மருத்துவத்தில் இல்லை, ரேஷன் கார்டில் இருக்கிறது. அம்மா மூத்த மகன் வீட்டில் இருப்பார், பெயர் இளையவன் கார்டில் இருக்கும், அவன் திருப்பூரில் இருப்பான். காப்பீட்டு அட்டை இல்லையென்றால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி ஆட்சியர் அலுவலகம் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை விழுந்தவருக்குத் திங்கள் வரை எதுவும் நகராது. ஒப்புதல் வந்த பிறகு சப்ளையருக்குச் சொல்லி, செட் வந்து, கிருமி நீக்கி முடிக்க இன்னொரு நாள். ஒரே ஓர் அளவு மூட்டு மட்டும் வாங்கி வைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் வெளியே எடுத்த எலும்புத் தலையை அளந்த பிறகுதான் சரியான அளவு தெரியும். சிறியதிலிருந்து பெரியது வரை முழு வரிசையும் தியேட்டரில் தயாராக இருக்க வேண்டும்.

ஆகவே, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் முழு அளவு வரிசை கொண்ட மூட்டுகளும் கம்பிகளும் நிரந்தர இருப்பாக இருக்கட்டும். பயன்படுத்திய அளவை மறுநாளே நிரப்பட்டும். காப்பீட்டுத் தாள்கள் அறுவைக்குப் பிறகு வரட்டும்.

நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். தாலுகா மருத்துவமனை எக்ஸ்ரே எடுத்து, மாவட்டத்துக்கு அனுப்பி, அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போகும்போது ஒவ்வொரு வாசலிலும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது, எக்ஸ்ரேயும்தான். முதல் வாசலில் போட்ட சீட்டின் நேரமே கடைசி வரை நிற்க வேண்டும். இங்கிலாந்தில் 2007-இல் தொடங்கிய தேசியப் பதிவேட்டில் இடுப்பு முறிவுகள் ஏறுகின்றன. 2010 முதல், 36 மணி நேரத்துக்குள் அறுவை, முதியோர் மருத்துவரின் பார்வை போன்ற அளவுகளை எட்டிய மருத்துவமனைக்கு அங்கே கூடுதல் தொகை தரத் தொடங்கினார்கள். நம்மிடம் காப்பீட்டுத் தொகையை மருத்துவமனைக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் சேர்த்தால் போதும்: முதல் வாசலுக்கு வந்த நேரம், தோலில் கத்தி பட்ட நேரம். இரண்டுக்கும் நடுவே 48 மணி நேரத்துக்கு மேல் போன ஒவ்வொரு கேஸுக்கும் காரணம் கேட்டு, மாவட்ட வாரியாக மாதம் ஒருமுறை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை எலும்பு முறிவு வார்டுகளிலும் அறுவை அரங்குகளிலும் பணிபுரியும் செவிலியரும் தொழில்நுட்பப் பணியாளரும்