நாமினி படிவம் வந்ததா?

மதுரை,
ஆவணி 8, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ, மருமகள், பாப்பா எல்லோரும் சுகம்தானே?

போன மாதம் தபாலில் நாமினி மாற்றும் படிவம் அனுப்பினேனே, வந்து சேர்ந்ததா? கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன். உன் இருபத்தொரு வயதில் நான் எழுதின எல்.ஐ.சி. பாலிசி அது. கல்யாணம் ஆகாத பிள்ளை என்பதால் அப்போது என் பேரைப் போட்டேன். இப்போது எனக்கு எழுபத்திரண்டு. முப்பத்தெட்டு வயசுக்காரன் பணத்துக்கு எழுபத்திரண்டு வயசுக்காரன் நாமினியா? போனில் மூன்று தடவை கேட்டுவிட்டேன். 'பார்க்கிறேன்ப்பா' என்கிறாய். அதற்கு மேல் 'ம்' மட்டும்தான். அதனால்தான் கடிதம்.

கொய்யா இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது, பாதியை அணில் தின்றது. மாடிச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, ஐப்பசி மழைக்கு முன்னால் பூச வேண்டும். புதன்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. நீ வருவாயா என்று அம்மா கேட்கவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குக் காலை வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அதற்கப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். பெங்களூருக்கு வந்தே பாரத் விட்டு வருஷம் ஒன்று ஆகப்போகிறது. எட்டு மணி நேரம்கூட இல்லை என்கிறார்கள். எங்களுக்கு அது என்னவோ அமெரிக்கா மாதிரிதான் இருக்கிறது.

ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடு. லேட்டாகச் சாப்பிட்டால் நெஞ்சைக் கரிக்கும், அது வேறு ஏதோ மாதிரித் தெரியும்.

சரி, எத்தனை நேரம்தான் சுற்றி வளைப்பது. மருமகள் சொல்லிவிட்டாள். 'மாமா, நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்' என்றாள். அவள் பேச்சை மீறுகிறேன், அவளைக் கோபிக்காதே. உன்னோடு வேலை பார்த்த அந்தப் பையன் தவறிப்போனதிலிருந்து நீ சரியாகத் தூங்குவதில்லை, நாலு மாதத்தில் மூன்று தடவை நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாய், ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் அனுப்பிவிட்டார்கள், வீட்டுக்கு வந்தும் நாடியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். இவ்வளவும் சொன்னாள். நெஞ்சை அடைத்தால் போய்ப் பார்த்தது சரிதான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

நம் டாக்டரிடம் போய்க் கேட்டேன். உன் பேரைச் சொல்லவில்லை, எனக்குத்தான் என்றேன். (அவர் சிரித்தார். உன்னைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறவர்.) பயம் வந்தவுடன் மூச்சை வேகவேகமாக இழுத்து விடுகிறோமாம். அதில் ரத்தத்தில் இருக்கிற கரியமில வாயு குறைந்துபோகிறதாம். விரல் நுனி மரத்துப்போவதும், உதட்டோரம் சுறுசுறுவென்பதும், தலை கிறுகிறுப்பதும் அதனால்தானாம். பெரும்பாலும் பத்து நிமிஷத்தில் உச்சிக்குப் போய், பிறகு தானாக இறங்கிவிடுமாம். இதற்கென்று மருத்துவம் இருக்கிறது, மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். 'பார்க்கச் சொல்லுங்கள்' என்றார், 'பாருங்கள்' என்று சொல்லவில்லை, கவனி. போய்ப் பார், தம்பி. என்ன வெட்கம்? ஸ்காலர்ஷிப்புக்கு எங்கே மனுப் போட வேண்டும் என்று பதினாறு வயசில் நீயாகவே கண்டுபிடித்துச் சென்னைக்கு ஒற்றை ஆளாகப் போய்வந்தவன் நீ. தெருவில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

பதினாறு என்றதும் ஞாபகம் வருகிறது. மீனாட்சி கோயில் பக்கம் சொக்கப்ப நாயக்கன் தெருவில் ரமணர் இருந்த வீட்டுக்கு உன்னை ஒரு தடவை கூட்டிப்போனேன், வெளியே நின்று பருத்திப்பால் வேண்டும் என்று அடம்பிடித்தாய். அவர் சித்தப்பா வீடு அது. 1896 ஜூலையில் அங்கே மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தவருக்குத் திடீரென்று சாகப்போகிறோம் என்ற பயம் வந்தது. பதினாறு வயசுதான், உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது. உனக்கு வருகிற மாதிரியேதான் என்று நினைத்துக்கொள். அவர் யாரையும் கூப்பிடவில்லை. செத்தவன் மாதிரி கை காலை விறைத்துக்கொண்டு படுத்தார். மூச்சை அடக்கினார். சரி, இந்த உடம்பு செத்துவிட்டது, இதைத் தூக்கிக்கொண்டுபோய் எரித்தும் விடுவார்கள், அதோடு நானும் போய்விடுவேனா என்று கேட்டுப் பார்த்தார். அந்தப் பயம் அதற்கப்புறம் அவருக்கு வரவே இல்லை. ஆறு வாரத்தில், அண்ணன் காலேஜுக்குக் கட்டச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். அவருடைய அம்மா என்ன பாடு பட்டிருப்பாள் என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும். அது போகட்டும்.

நானும் ஒரு தடவை அப்படிப் படுத்துப் பார்த்தேன். தூங்கிப்போய்விட்டேன். அம்மா எழுப்பி, கடைக்குப் போய்ப் புளி வாங்கி வரச் சொன்னாள். நம் பக்குவம் அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவ்வளவாகச் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. அவருக்குப் பன்னிரண்டு வயசில், 1892-ல், அப்பா இறந்துபோனார். எல்லாரும் அழுதுகொண்டிருக்க, இந்தப் பிள்ளை சாவு என்றால் என்ன என்று அங்கேயே உட்கார்ந்து மணிக்கணக்காக யோசித்திருக்கிறான். யாரும் அவனை 'வெளியே போ' என்று விரட்டினதாகத் தெரியவில்லை. நாலு வருஷம் கழித்து மாடியில் பயம் வந்தபோது, அது அவன் ஏற்கெனவே முகம் பார்த்திருந்த ஒன்றுதான்.

உனக்கு அந்த முகத்தைக் காட்டாமல் விட்டவன் நான்.

அப்பத்தா போனது 1996 கார்த்திகை. உனக்கு ஒன்பது வயசு. மூன்று நாளாக இழுத்துக்கொண்டிருந்தது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பாலாடையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். 'ஏம்ப்பா அப்பத்தாவுக்குக் கர்ருன்னு சத்தம் வருது?' என்று கேட்டாய். பயந்து கேட்கவில்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டாய். நான் அதட்டினேன். மறுநாள் காலையில், பிள்ளை பயந்துபோவான், திண்டுக்கல்லில் சித்தி வீட்டில் விட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். மாமா தான் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். இல்லை, நான்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

நீ பயப்படுவாய் என்றது பொய், தம்பி. அந்த மூச்சுச் சத்தத்தை எனக்குத்தான் கேட்க முடியவில்லை. நான் ஓடுவதற்கு உன்னைச் சாக்காக வைத்துக்கொண்டேன். உன்னை விட்டுவிட்டுத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவன், மதுரை பஸ் மூன்றை விட்டேன். இரண்டு டீ குடித்தேன். நாலாவது பஸ்ஸில் ஏறி வந்தால், தெருமுனை திரும்பும்போதே சங்குச் சத்தம். அப்பத்தா கடைசியில் என்னைத்தான் தேடியிருக்கிறது. அத்தை ஏன் நம் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று நீ காலேஜ் படிக்கும்போது கேட்டாய். நிலத்தகராறு என்று சொன்னேன்.

நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் எங்கே என்று பெரியவர்கள் கேட்டார்கள். காய்ச்சல் என்றேன். அத்தை மகன் பிடித்தான். தத்தனேரிக்குப் போய்க் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது சாஸ்திரம். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

பதினாறு கும்பிட்ட பிறகு உன்னைக் கூட்டி வந்தேன். கட்டில் கிடந்த இடம் வெறுமனே இருந்தது. 'அப்பத்தா எங்கப்பா?' என்றாய். 'ஊருக்குப் போயிருக்கு' என்றேன். எப்போது வரும் என்று ஒரு வாரம் கேட்டாய். பிறகு கேட்பதை விட்டுவிட்டாய். தெருப்பிள்ளைகள் சொல்லித் தெரிந்திருப்பாய். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க விளக்கை அணைத்தால் நீ தூங்கவில்லை. கரண்ட் பில் ஏறுகிறது என்று அதற்கும் திட்டினேன்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், மருமகள் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். நீ ஆஸ்பத்திரிக்குப் போன ராத்திரி பாப்பா முழித்துக்கொண்டு அப்பா எங்கே என்று கேட்டதாம். 'ஊருக்குப் போயிருக்கார்' என்று சொல்லித் தூங்கவைத்தாளாம். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நீ சொல்லிவைத்திருக்கிறாயாம். போனை வைத்துவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

நான் பார்த்த தொழிலும் அந்த லட்சணம்தான். முப்பத்தைந்து வருஷம் எல்.ஐ.சி. ஏஜெண்ட், சாவு என்ற சொல்லை உச்சரிக்காமலே அதைச் சொல்லி வியாபாரம் பண்ணினவன். 'நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா' என்போம். பாலிசிதாரர் போய்விட்டால் காரியம் எல்லாம் முடியட்டும் என்று பதினாறு நாள் கழித்துத்தான் கிளெய்ம் படிவத்தோடு போவேன், அதுவும் வாசலோடு. ஒரு தடவை மேலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் அந்த அம்மா என்னை விடவில்லை. 'உள்ளே வந்து உட்காருங்கண்ணே, இந்த இடத்துலதான் போனாரு' என்று பாயை விரித்துச் சோறு போட்டது. சாப்பிடச் சாப்பிட அவர் போன ராத்திரியைச் சொல்லிக்கொண்டே வந்தது. ரசத்தில் உப்பு இல்லை என்று திட்டிவிட்டுப் படுத்தாராம், அதைச் சொல்லும்போது சிரித்தது, அழுதது. சாம்பார் ஊற்றட்டுமா என்று கேட்டது. அந்த வீட்டில் அவர் போனது ஒரு சங்கதி, ரசமும் ஒரு சங்கதி. நான் கையைக் கழுவும்போது எனக்கு உடம்பு நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் முதல் நாளே போய்விடுவேன். தத்தனேரிக்கும் கூடப் போவேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் சில ராத்திரி முழிப்பு வந்தால் அம்மா மூச்சு விடுகிறாளா என்று பார்க்கிறேன். ஆனால் எழுந்து ஓடுவதில்லை.

ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிடு. சாயந்திரத்துக்கு மேல் காபி வேண்டாம்.

இன்னொன்று. நானும் அம்மாவும் கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கார்டு, சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிற மஞ்சள் உறையில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தால் மட்டும் ஆகாது, அந்த நேரத்தில் வீட்டு ஆள் ஒருவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது நீதான். அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய், ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அவர்கள் வருகிறவரைக்கும் ஃபேனை நிறுத்திவை. இமையை மூடி மேலே ஈரப் பஞ்சு வை. தலைக்குத் தலையணை வைத்துக் கொஞ்சம் உயர்த்திவை. வேறு யாரையாவது செய்யச் சொல்லாதே, உன் கையால் செய். பாப்பா பக்கத்தில் நிற்கட்டும், கேட்கிறதுக்குப் பதில் சொல்லு. நெய்ப்பந்தம் பேத்தியும் பிடிக்கலாம், யார் என்ன சொன்னாலும் என் பேரைச் சொல்லு.

இதை உடனே நடக்கப்போகிற மாதிரி நினைத்துக்கொண்டு பயந்துவிடாதே. எனக்குச் சர்க்கரை மட்டும்தான், அதுவும் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

நேரில் வா. ஓதம் பூசுகிற ஆளையும் வரச் சொல்லியிருக்கிறேன், நீ இருந்தால் கொஞ்சம் பேரம் பேசலாம். அத்தை வீட்டுக்கு ஒரு தடவை போய்வர வேண்டும், தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை, நீயும் கூட வா. வரும்போது அந்தப் படிவத்தை எடுத்து வா, பென்சில் புள்ளி அழிந்துபோயிருந்தால் நான் காட்டுகிறேன். வந்தே பாரத் இங்கே வந்து சேர ராத்திரி ஆகிவிடும், ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்பேன். சாப்பாட்டை எட்டு மணிக்குள் வண்டியிலேயே முடித்துவிடு.

அன்புடன்,
அப்பா