சோற்றை விட்ட கமக்காரன்

வட்டக்கச்சி,
ஆவணி மாதம்

அன்புள்ள சிவம்,

ஏழு மாதமாகப் பதில் இல்லை என்று திட்டத் தொடங்காதே. திட்டுவதற்கு அதைவிட நல்ல காரணம் ஒன்று தருகிறேன், பொறு. வீட்டில் எல்லோரும் சுகம். சிறுபோகம் வெட்டி நெல் வந்துவிட்டது. விலையைப் பற்றி மட்டும் கேட்காதே.

வைகாசிக் கடைசியில் கிளினிக்கில் எனக்குச் சீனி கூடிவிட்டது என்றார்கள். அதே கிழமை சுவிசில் இருக்கும் பெறாமகன் ஒரு காணொளி அனுப்பினான். சோறு, பிட்டு, இடியப்பம், பழம் எதையும் தொடக் கூடாது. முட்டை, இறைச்சி, சீஸ், பாதாம் பருப்பு மட்டும் சாப்பிடலாம். காலைக் கோப்பியில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய். மாப்பொருள் ஒரு நாளைக்கு 20 கிராமைத் தாண்டக் கூடாதாம். மச்சான், நான் மூன்று ஏக்கர் நெல் விதைக்கிறவன். சுற்றிவர நெற்பயிர் நிற்க, வரம்பில் குந்தியிருந்து அவித்த முட்டை உரித்தேன்.

முதல் கிழமையில் மூன்று கிலோ இறங்கியது. காணும் ஆட்களுக்கெல்லாம் சொன்னேன். சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: இரவில் எல்லோரும் படுத்த பிறகு, போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு கொத்து ரொட்டி கொத்துவதைப் பார்த்துக் கொண்டிருந்தேன். மகள் ஒருநாள் பிடித்துவிட்டாள். உயிரியல் படிப்பிக்கிறவள் அல்லவா, உடனே பாடம் தொடங்கிவிட்டது. 1944-45இல் அமெரிக்காவில் 36 இளைஞர்களுக்கு 24 கிழமை அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்களாம். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போய், சமையல் புத்தகம் வாசிக்கத் தொடங்கினார்களாம். நம் கூட்டாளி கட்டை இதைக் கேட்டு இன்னும் சிரித்துக் கொண்டிருக்கிறான்.

இதில் பாலைப்பழக் காலம் வேறு. மருமகன் மாங்குளத்திலிருந்து ஒரு வாளி கொண்டுவந்தான். பேரப்பிள்ளைகள் உதடெல்லாம் ஒட்ட ஒட்டத் தின்றார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இருபத்துமூன்றாம் நாள் காலை கிளினிக்கில் தந்த சீனிக் குளிசையைப் போட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு வாய்க்காலில் தண்ணீர் மாறப் போனேன். வேர்த்தது, கை நடுங்கியது. மண்வெட்டியை ஊன்றியது வரை நினைவிருக்கிறது. பக்கத்து வயல்காரன்தான் கண்டு ஓடிவந்து, முகத்தில் தண்ணீர் அடித்து, நான் விழித்ததும் சீனித்தண்ணீர் பருக்கினானாம். ஆஸ்பத்திரியில் இருந்த வைத்தியர் என் மகளிலும் இளையவர். "உங்கள் குளிசை கிளிக்லாசைட், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும், ஐயா. யாரைக் கேட்டுச் சோற்றை நிறுத்தினீர்கள்?" என்றார். நிறை குறைந்ததே என்று நான் வாதாடினேன். உடம்பு சேமித்து வைக்கும் மாச்சத்தில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமாம். முதல் கிழமையில் போனதில் பெரும்பங்கு அந்தத் தண்ணீர்தான். இரணைமடுவின் வான்கதவைத் திறந்துவிட்டுக் குளம் மெலிந்துவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

அன்று இரவு வீட்டில் சோறு போட்டார்கள். பயத்தில் கோப்பையைத் தள்ளிவிட்டேன். மனைவி ஒன்றும் பேசாமல் அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது: "முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது இந்தப் புத்தி வரவில்லையே." சிவம், அந்த 2009க்குப் பிறகு இவள் அரிசி கழுவும்போது ஒரு மணி கீழே விழுந்தாலும் குனிந்து பொறுக்குகிறவள். மூன்று கிழமையாக அவள் கண்முன்னே சோறு வேண்டாம், வேண்டாம் என்று கொண்டிருந்திருக்கிறேன். எழுந்து போய் அடுப்படியிலேயே இருந்து சாப்பிட்டேன்.

இப்போது வைத்தியர் சொன்னபடிதான் நடக்கிறது. கோப்பையில் பாதிக்கு முருங்கையிலை வறையோ, பொன்னாங்காணியோ, வல்லாரைச் சம்பலோ. கால்வாசி மீன் அல்லது பயறு. மிச்சக் கால்வாசியில் எங்கள் வயல் அரிசி, தீட்டாதது. மூன்று அகப்பை தின்றவனுக்கு ஓர் அகப்பை என்பது முதலில் அவமானமாகத்தான் இருந்தது. குரக்கன் என்றால் எவ்வளவும் தின்னலாம் என்று கட்டை நினைக்கிறான். அதுவும் மாப்பொருள்தான். தேத்தண்ணீருக்குப் பனங்கட்டி கடிக்கலாமா என்று தாதியிடம் குழைந்து கேட்டுப் பார்த்தேன். அதுவும் சீனிதான் என்று முடித்துவிட்டார். மாலையில் குளக்கட்டில் நடக்கிறேன். நிறை மெதுவாகத்தான் இறங்குகிறது, மாதம் ஒரு கிலோகூட இல்லை. ஆனால் எல்லோரும் தின்பதையே நானும் தின்கிறேன். இதை நான் சாகும்வரை செய்யலாம். முட்டையும் சீஸும் தீபாவளி வரைக்கும் தாங்கியிராது. இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரிச் சோதனை ஐப்பசியில். அதற்குள் வாய் விட்டுப் பேசக் கூடாது.

இத்தனையும் எழுதியதற்குக் காரணம் நீதான். அங்கே ஒரு நேரச் சாப்பாட்டோடு திரிகிறாய் என்று கட்டை சொன்னான். இன்சுலின் ஊசி போடுகிறவன் நீ. உன் வைத்தியரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய், எனக்கு உன்னைத் தெரியும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவரிடம் போ. போய்விட்டு வந்து எனக்கு எழுது.

அடுத்த பாலைப்பழக் காலத்துக்கு டிக்கெட் போடு. பாதாம் பருப்பு மட்டும் கொண்டுவந்துவிடாதே. வீட்டில் இன்னும் ஒன்றரைக் கிலோ கிடக்கிறது. கோழிகளுக்குப் போட்டுப் பார்த்தேன், அவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

உன்,
மூர்த்தி