பூல் ஆட்டம்: பின்கையைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டால் பூல் (மேசையில் கோலால் பந்தை அடித்துப் பாக்கெட்டில் போடும் ஆட்டம்) பார்லர்களில் மேசை கிடைப்பது குதிரைக்கொம்பு. மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி மாதக்கணக்கில் ஆடுகிறார்கள். ஆட்டம் மட்டும் வளர்வதில்லை. ஏன் என்று கேட்டால், 'கான்சன்ட்ரேஷன் போயிடுது சார்' என்பதுதான் பதில். கவனம் என்னவோ தலைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் சமாச்சாரம் போல! பூல் மேசையில் கவனம் சிதறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடிக்கும் கோலான க்யூவைப் பிடித்திருக்கும் பின்கை விரல்கள் இறுகும், அடிக்கும் முன் க்யூவை ஆட்டிப் பார்க்கும் ஒத்திகை வீச்சுகளின் எண்ணிக்கை மாறும், பந்து கிளம்பும் முன்பே தலை நிமிரும். இவற்றைப் பிடித்துத் திருத்தினால் கவனமும் பின்னாலேயே வந்துவிடும். இது குறித்துச் சில விவரங்களை எழுத இடம் தர வேண்டுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. வெள்ளைப் பந்து (க்யூவால் அடிப்பது இதைத்தான்), அது போய் மோத வேண்டிய இலக்குப் பந்து, பாக்கெட் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன, இரண்டு பந்துகளுக்கும் இடையே 4 அடி தூரம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைப் பந்து 1 டிகிரி பிசகிப் புறப்பட்டால், 4 அடி போவதற்குள் 2 செ.மீ.க்குச் சற்று மேல் விலகிவிடும். அந்த விலகலோடு போய் மோதும்போது, அடிபட்ட பந்து தன் கோட்டிலிருந்து ஏறக்குறைய 20 டிகிரி திரும்பிப் போகும். அரை டிகிரி பிசகினாலே 10 டிகிரி. 'ரொம்ப ஈஸியான பந்து, எப்படிப் போச்சுன்னே தெரியல' என்று தலையில் கைவைப்பவர்கள் பெரும்பாலும் சரியாகத்தான் குறி பார்த்திருப்பார்கள். கை அந்தக் குறியில் போகவில்லை.

க்யூவின் முனையிலுள்ள தோல் வில்லையான டிப், பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதற்குப் பிறகு க்யூவை எப்படித் திருப்பினாலும் பந்துக்குத் தெரியப்போவதில்லை. அப்படியானால் அடித்த பிறகும் க்யூவை 4, 5 அங்குலம் நேராக ஓடவிடச் சொல்வது ஏன்? பந்தைத் தொட்டதும் நிறுத்த நினைப்பவர் தொடுவதற்கு முன்பே பிரேக் போடத் தொடங்கிவிடுகிறார். பிரேக் போடும் கை இறுகுகிறது, இறுகும் கை திரும்புகிறது. அடிக்குப் பின் க்யூ எங்கே போய் நிற்கிறது என்பது அடிக்கு முன் நடந்ததற்குச் சாட்சி. அதனால்தான், பந்து பாக்கெட்டில் விழும் சத்தம் கேட்கும்வரை தலையையும் க்யூவையும் அப்படியே வைத்திருங்கள் என்று பயிற்சியாளர்கள் அலுக்காமல் சொல்கிறார்கள்.

இனி பிடி. சாதாரண பூல் க்யூவின் எடை 18 முதல் 21 அவுன்ஸ், அதாவது அரைக் கிலோவுக்குச் சற்று மேல். இந்த எடையே போதிய வேகத்தைக் கொடுக்கும். நாம் சேர்க்க வேண்டியது கொஞ்சம்தான். கிணற்றில் நீர் இறைக்கும் கயிற்றைப் பிடிப்பது போலப் பிடிக்கக் கூடாது. காலி வாளியை விரல்களில் தொங்கவிட்டு நடக்கிறோமே, அந்தப் பிடி. கட்டைவிரல் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் க்யூவைத் தாங்க வேண்டும். மற்ற இரண்டு விரல்களும் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். பதற்றம் வந்தால் முதலில் வேலைக்கு வருவது இந்தக் கடைசி இரண்டு விரல்கள்தான். அவை சுருண்டு இறுகும்போது மணிக்கட்டு உடம்பை நோக்கி மடங்கும். வலக்கைக்காரருக்கு க்யூவின் பின்முனை இடப்பக்கம் வரும். மேசையில் ஊன்றி க்யூவின் முன்பகுதியைத் தாங்கும் பிரிட்ஜ் கை அச்சாக நிற்பதால் முன்முனை வலப்பக்கம் ஓடும். நடுவில் பட வேண்டிய அடி வலப்புறம் பட்டு, கேட்காத சைடு ஸ்பின், அதாவது பக்கச் சுழற்சி, ஏறுகிறது. சைடு ஏறிய வெள்ளைப் பந்து அடிபட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சற்றே விலகிக் கிளம்பும். ஒரு தப்புக்கு இரண்டு தண்டனை.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள பகுதி, டிப் பந்தைத் தொடும் கணத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டு போல நேர்செங்குத்தாகத் தொங்க வேண்டும். டிப்பைப் பந்துக்கு அருகில் வைத்து அசையாமல் நின்று, பக்கத்திலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுக்கச் சொன்னால் தெரிந்துவிடும். கை ரொம்பப் பின்னால் இருந்தால், பந்தைத் தொடும்போது அது இன்னும் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். டிப் நினைத்த இடத்துக்கு மேலே படும். ரொம்ப முன்னால் இருந்தால் கை மேலேறத் தொடங்கியிருக்கும். டிப் கீழே குத்தும். 'டிரா ஷாட் (மோதியபின் வெள்ளைப் பந்தைப் பின்னோக்கி வரவைக்கும் அடி) வரவே மாட்டேங்குது' என்பவர்களில் பலருக்கு இந்தப் பிடியிடத்தை 2 அங்குலம் நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பிரிட்ஜ் கையிலிருந்து வெள்ளைப் பந்துக்கு 8 முதல் 10 அங்குலம் போதும். தொலைக்காட்சியில் பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர்களைப் பார்த்து 14 அங்குலத்துக்கு நீட்டுகிறார்கள். தூரம் கூடக்கூடப் பின்கையின் சின்ன நடுக்கமும் முன்னால் பெரிதாகும். அவர்கள் சிறுவயதிலிருந்து மேசையிலேயே கிடந்தவர்கள்; நாம் வாரத்துக்கு இரண்டு மணி நேரக்காரர்கள்.

நிற்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குனிந்த பிறகு குறி பார்த்துக் காலை நகர்த்துவதுதான் இங்கே பரவலாகக் காணும் தப்பு. நின்றபடியே அடியின் கோட்டைப் பார்த்து, வலக்கைக்காரர் வலது பாதத்தை அந்தக் கோட்டில் வைத்து, பிறகு நேராக அந்தக் கோட்டின் மேலேயே குனிய வேண்டும். கோணலாகக் குனிந்தவர் கடைசி நொடியில் கையால் க்யூவைத் திருப்பிச் சரிக்கட்டுவார். நான்கு முறை அது பலிக்கும். ஐந்தாவது முறை, ஆட்டத்தை முடித்துவைக்கும் 8-ம் எண் பந்தாக இருக்கும்.

ஸ்னூக்கரிலிருந்து பூலுக்கு வருகிறவர்கள் நம் ஊரில் நிறைய. உதகை கிளப்பில் 1882-ல் விதிகள் எழுதி மாட்டப்பட்ட ஆட்டமாயிற்றே அது! அவர்களுக்கு நேரான ஸ்ட்ரோக் ஏற்கெனவே இருக்கும். ஆனால் 52.5 மி.மீ. பந்துக்கும் 9, 10 மி.மீ. டிப்புக்கும் பழகிய கை, பூல் க்யூவின் 12, 13 மி.மீ. டிப்பின் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை சைடு போடாமல் ஆடுவது நல்லது.

இப்போது மனசு. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர், குறிபார்க்கும் விளையாட்டுகளில் கண்ணின் கடைசி நிலைப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கை அசையத் தொடங்குமுன் கண் இலக்கில் அசையாமல் நிலைக்கும் நேரம் தேர்ந்தவர்களிடம் நீளமாகவும், மற்றவர்களிடம் குறைவாகவும் இருக்கிறது. பில்லியர்ட்ஸ் ஆடுபவர்களிடம் நடந்த ஆய்விலும் இதே முடிவுதான் கிடைத்தது. ஒத்திகை வீச்சின்போது கண் வெள்ளைப் பந்துக்கும் இலக்குப் பந்துக்கும் மாறி மாறிப் போகலாம். க்யூவைக் கடைசியாகப் பின்னிழுக்கும் முன் ஒரு நிறுத்தம் வேண்டும். அந்த நிறுத்தத்தில் கண் இலக்குப் பந்தின் மோதும் புள்ளியில் போய் உட்கார வேண்டும், அடி முடியும்வரை அங்கிருந்து நகரக் கூடாது. ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக் அடியிலும், வெள்ளைப் பந்து குஷனோடு (மேசையின் ரப்பர் விளிம்போடு) ஒட்டியிருக்கும்போதும் மட்டும் கடைசிப் பார்வை வெள்ளைப் பந்தில் இருக்கலாம்.

மனசு அலைவதற்கு இன்னொரு காரணம், குனிந்த பிறகு முடிவெடுப்பது. எந்தப் பாக்கெட், வெள்ளைப் பந்து எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு வேகம் ஆகிய மூன்றையும் நின்றுகொண்டே, டிப் வழுக்காமலிருக்கச் சாக் பொடிக்கட்டியைத் தடவும் நேரத்தில் முடித்துவிட வேண்டும். குனிந்தபின் மூளைக்கு வேலையே இருக்கக் கூடாது. 'கொஞ்சம் மெதுவா அடிக்கலாமோ?' என்று ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தால் எழுந்துவிடுங்கள். எழுவதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு அடித்துக் கெடுப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். சந்தேகத்தோடு அடித்தால் கை பாதியில் வேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். பந்து பாக்கெட்டின் தாடையில் மோதித் துள்ளும்.

ஒத்திகை வீச்சு மூன்று என்றால் எப்போதும் மூன்றுதான். நண்பர் ஒருவரை உட்காரவைத்து உங்கள் வீச்சுகளை எண்ணச் சொல்லுங்கள். எளிதான பந்துக்கு ஒன்று, சாதாரணப் பந்துக்கு மூன்று, கடைசி 8-ம் எண் பந்துக்கு ஒன்பது என்று வரும். மற்றப் பந்துகளைப் போட்ட கை அந்தக் கடைசிப் பந்துக்கு வேறு ஆளின் கையாக மாறுவது இப்படித்தான். மூச்சையும் கவனிக்கலாம்: குனியும்போது மெதுவாக வெளியே விடுங்கள், தோள் தானாக இறங்கும். போட்டியில் முழங்கை, மணிக்கட்டு, பிடி என்று ஒவ்வொன்றாக நினைத்தால் காரியம் கெட்டது. அவையெல்லாம் பயிற்சி நேரத்துப் பாடங்கள். ஆட்டத்தில் ஒரே ஒரு சொல்லை மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், 'தளர்வு' என்றோ 'நேர்' என்றோ.

பயிற்சிக்கு ஆள் துணை தேவையில்லை, 40 நிமிடம் போதும். காலியான குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலை மேசையில் படுக்கவைத்து, அதன் வாய்க்குள் விளிம்பில் உரசாமல் க்யூவை விட்டு எடுங்கள். வாய் சுமார் 2 செ.மீ., டிப் 13 மி.மீ.; பக்கத்துக்கு 4 மி.மீ. கூட இடமில்லை. 30 முறை.

அடுத்து, வெள்ளைப் பந்தை மட்டும் பிரேக் அடிக்கும் பக்கத்துப் புள்ளியில் வைத்து, மேசையின் நடுக்கோட்டில் எதிர்க் குஷனுக்கு அடியுங்கள். அது திரும்பி வந்து, நீட்டியபடி நிற்கும் டிப்பைத் தொட வேண்டும். போகும்போதே கோட்டை விட்டு விலகினால் குறியோ வீச்சோ கோணல். நேராகப் போய்க் குஷனில் பட்டபின் வலப்பக்கம் வந்தால் வலது சைடு ஏறியிருக்கிறது. இடப்பக்கம் வந்தால் இடது சைடு. நல்ல ஆட்டக்காரர்களும் இதில் திணறுவார்கள் என்பதால் மனம் தளர வேண்டாம்.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு பட்டைப் பந்தை வெள்ளைப் பந்தின் இடத்தில், பட்டை செங்குத்தாக நிற்கும்படி வைத்து அடியுங்கள். டிப்பின் சாக் பந்தில் ஒரு நீலப் புள்ளி விட்டுச் செல்லும். அந்தப் புள்ளி பட்டையின் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அது பொய் சொல்லாது. பார்த்ததும் துடைத்துவிடுங்கள்.

மீதி நேரம் முழுக்க ஸ்டாப் ஷாட். இரண்டு பந்துகளும் மூலைப் பாக்கெட்டுக்கு நேர்கோட்டில், 2 அடி இடைவெளியில். நடுவுக்குச் சற்றுக் கீழே அடித்து, மோதிய இடத்திலேயே வெள்ளைப் பந்தை நிறுத்த வேண்டும். அது பக்கவாட்டில் நகர்ந்தால் மோதல் நேராக இல்லை. அதே இடத்தில் நின்று பம்பரம் போலச் சுழன்றால் சைடு ஏறியிருக்கிறது. முன்னால் ஊர்ந்தால் பின்சுழற்சி துணியின் உராய்வில் வழியிலேயே தீர்ந்துவிட்டது, இன்னும் கீழே அல்லது இன்னும் வேகமாக அடிக்க வேண்டும். 10-க்கு 7 வந்தபின் அரையடி தூரம் கூட்டுங்கள். தவறும் ஒவ்வொரு அடிக்கும் முடிவு தப்பா, குறி தப்பா, கை தப்பா என்று நோட்டில் ஒரு எழுத்து குறித்துவையுங்கள். இரண்டு வாரத்தில் எது உங்கள் வியாதி என்று தெரிந்துவிடும். நாம் பார்த்தவரை மூன்றாவதுதான் நிறைய.

சைடு ஸ்பின்னைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தின் நடுவிலிருந்து ஆரத்தில் பாதி, அதாவது ஏறத்தாழ 14 மி.மீ. தாண்டினால் டிப் வழுக்கும், அதுதான் மிஸ்க்யூ. டிப் தட்டையாகி மினுமினுத்தால் அதற்கு முன்பே வழுக்கும். இப்போது புழங்கும் சின்ன 1 ரூபாய் நாணயத்தின் விளிம்பை டிப்போடு ஒட்டிப் பாருங்கள், வளைவு கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். சாக்கை, குழி தோண்டுவது போல வைத்துத் திருகாமல், ஒவ்வொரு அடிக்கு முன்பும் பூசுவது போலத் தடவினால் போதும்.

பார்லர் உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பல இடங்களில் க்யூக்கள் வளைந்திருக்கின்றன. மேசைமேல் உருட்டிவிட்டாலே தள்ளாடுவது தெரியும். பந்துகளைக் கழுவுவதே இல்லை. அழுக்கேறிய பந்துகள் மோதும்போது ஒன்றோடொன்று ஒட்டி இழுத்து, சரியாக அடித்த பந்தையும் கோடு தப்பவைக்கும். பழக வந்தவர் இல்லாத தப்பைத் தன் கையில் தேடுவார். வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் மென்மையான துணியும் இருந்தால் 16 பந்துகளுக்கு கால் மணி நேர வேலை. காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே மேசைகள் சும்மாதான் கிடக்கின்றன. அந்த நேரத்தில் தனியாகப் பழக வருகிறவருக்குப் பாதிக் கட்டணத்தில் ஒரு மேசை ஒதுக்கி, அதன் பக்கத்தில் மட்டுமாவது ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். காலி பாட்டிலை அவர்களே கொண்டுவந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
பூல் பயிற்சியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்