முழங்கை மட்டத்துக்கு வைஸ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசி வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. “அப்பா, ரோபோவை ஓட்டிக் காட்டுகிற பையனுக்கு வெர்னியர் காலிப்பரில் அளவு பார்க்கத் தெரியவில்லை. நான் எங்கிருந்து ஆரம்பிக்கிறது?” என்று கேட்டாய். போகப்போகச் சரியாகும் என்று ஏதோ சமாதானம் சொல்லிவிட்டேன். அது பதில் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஐ.டி.ஐ. ஃபிட்டர் செக்‌ஷனில் இன்ஸ்ட்ரக்டராக நின்றவன், இப்போது அதே வேலை பார்க்கும் உன்னிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

புது மெஷின்கள் வந்ததில் எனக்கு முழு சந்தோஷம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் மேம்படுத்தப் போகிறார்கள் என்று 2022இல் பேப்பரில் வந்தபோது, அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். என் காலத்துப் பையன்களுக்குக் கம்ப்யூட்டர் ஓட்டுகிற சி.என்.சி. மெஷின் என்பது புத்தகத்தில் இருந்த படம். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் வேலைக்குப் போய் முழித்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் குறை தீர்கிறது. நல்ல விஷயம்.

ஆனால் மெஷின் வெட்டிக் கொடுத்த துண்டு, அந்த ஜாப், சரியா தப்பா என்று சொல்லப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் இல்லையா? 0.02 மில்லிமீட்டரை வெர்னியரில் படிக்கத் தெரியாதவனால் அதைச் சொல்ல முடியாது. அதனால் உன் கேள்விக்கு என் பதில், துண்டைக் கடித்துப் பிடிக்கிற வைஸிலிருந்து ஆரம்பி. எத்தனை கோடிக்கு மெஷின் வந்தாலும் முதல் மூன்று மாதம் அரம்தான். எம்.எஸ். ஃப்ளாட் இரும்புப் பட்டையை வைஸில் கடித்து, அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்கட்டும். இடுக்கில் கோடு மாதிரி வெளிச்சம் தெரிந்தால் இன்னும் மேடு இருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்துப் பழகிய கண் அப்புறம் எந்த மெஷினிடமும் ஏமாறாது.

நான் செய்த ஒரு தப்பை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. குள்ளமாக, ஒல்லியாக ஒரு பையன். எட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வருவான், ஒரு நாள் லீவு போட மாட்டான். ஆனால் அவன் ராவினால் ஜாப் நடுவில் மேடு தட்டியே வரும். ஒரு மாதம் பார்த்தேன். பொறுமை போய் எல்லார் முன்னாலும், “உனக்குக் கை வராதுடா, வேற எதுக்காவது போ” என்று சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அரத்தைத் துடைத்து எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் டர்னர் செக்‌ஷனிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ரிட்டயர்மெண்டுக்கு ஒரு வருஷம் இருந்தது அவருக்கு. அந்தப் பையன் நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஸ்டோர் பக்கம் கிடந்த பேக்கிங் பலகை ஒன்றை எடுத்துவந்து அவன் காலடியில் போட்டார். அவ்வளவுதான். வைஸின் வாய் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும் என்று முதல் வாரமே நான் பாடம் நடத்தியவன். அவனுக்கு அது நெஞ்சு உயரத்தில் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. தோளைத் தூக்கிக்கொண்டே ராவினால் அரம் ஏறி இறங்கத்தானே செய்யும்? பலகை போட்ட பத்தாவது நாள் அவன் ஜாப்பில் மூலைமட்டம் வைத்தேன். வெளிச்சம் தெரியவில்லை.

ஏன் கவனிக்கவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இன்னொரு இன்ஸ்ட்ரக்டர் இடம் அந்த வருஷம் காலி. முதல் வருஷம், இரண்டாம் வருஷம் இரண்டு யூனிட்டையும் நான் ஒருவனே பார்த்தேன். ஒரு ஆளால் ஒரு நாளில் அத்தனை முழங்கைகளைப் பார்க்க முடியாது. அப்படிப் பார்க்கப்படாமல் எத்தனை பேர் “கை வராது” என்று நம்பிக்கொண்டு வெளியே போனார்களோ, தெரியாது. அதனால்தான் சீர்திருத்தம் என்று யார் பேசினாலும், இன்ஸ்ட்ரக்டர் இடத்தை நிரப்பினீர்களா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

திட்டங்கள் வரும், மாறும். 2013இல் செமஸ்டர் முறை வந்தது. கை படிவதற்குள் பரீட்சை வந்து நின்றது. அரத்தைப் பிடிக்கப் பழகியவனைக் கேள்வி பதில் மனப்பாடம் செய்ய உட்கார வைத்தோம். 2018இல் மறுபடி வருஷ முறைக்கே திரும்பினார்கள். அது சரியான முடிவு. இப்போது தியரியைக் கம்ப்யூட்டரில் எழுதுகிறார்கள் என்கிறாய். சரி. நாலு பதிலில் ஒன்றைத் தொட்டு மார்க் வாங்கிவிடலாம். ராவி முடித்த ஜாப்பில் அப்படி மார்க் வாங்க முடியாது. பிராக்டிகல் மார்க்கை மட்டும் பாவம் பார்த்துப் போடாதே. அங்கே நீ பார்க்கிற பாவத்துக்கு அவன் வேலை கேட்டுப் போகிற இடத்தில் தண்டனை அனுபவிப்பான்.

ஐ.டி.ஐ.களை மேம்படுத்த மத்திய அரசு 2025இல் கொண்டுவந்த பி.எம். சேது திட்டத்தைப் பற்றியும் கேட்டாய். 60,000 கோடி, 1,000 அரசு ஐ.டி.ஐ.கள் என்று எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. 50,000 பயிற்றுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அதில் இருக்கிறது. அதற்காக மேம்படுத்துகிற ஐந்து தேசியத் திறன் பயிற்சி நிறுவனங்களில் நம் கிண்டி என்.எஸ்.டி.ஐ.யும் ஒன்று. நானும் அங்கே பயிற்சி எடுத்தவன்தான், அப்போது அதற்கு வேறு பெயர். எப்படி ராவுவது என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்ததை இன்னொருவன் கையில் எப்படி இறக்குவது என்று கற்றது அங்கேதான். பெயர் கேட்டு சுற்றறிக்கை வந்தால் தயங்காமல் உன் பெயரைக் கொடு. பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அப்புறம், அப்ரெண்டிஸ் போகிற பையன்களைக் கைவிட்டுவிடாதே. 1961லிருந்து சட்டம் இருக்கிறது. ஆனாலும் ஸ்டைபண்டைக் கையில் கொடுத்து ஒரு வருஷம் முழுக்கப் பெட்டி தூக்க வைத்து அனுப்பிய கம்பெனியை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஃபோன் போட்டு, “எந்த மெஷினில் நிற்கிறாய்?” என்று கேள். பதில் சொல்லத் தயங்கினால் நேரில் போய்ப் பார்.

அட்மிஷனுக்கு வருகிற அப்பா அம்மாக்கள் தலையைக் குனிந்துகொண்டு, “மார்க் கம்மி சார், அதான் இங்க” என்பார்கள், பையன் பக்கத்தில் நிற்கும்போதே. அந்த இடத்திலேயே தடுத்துப் பேசு. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அதைச் சொல். முடித்துவிட்டு வேலையில் இருக்கும் உன் பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டு நிறுத்து.

கடைசியாக உன் பேட்சில் உள்ள அந்தப் பெண்ணைப் பற்றி. ஜாப் தட்டையாக வரவில்லை, அழுகிறாள், கம்ப்யூட்டர் டிரேடான கோபாவுக்கு மாறிக்கொள்கிறேன் என்கிறாள் என்று சொன்னாய். புதுமைப் பெண் பணம் மாதம் 1,000 ரூபாய் வருவதால்தான் வீட்டில் அனுப்புகிறார்கள் என்றும் சொன்னாய். அவள் எந்த டிரேடில் படித்தாலும் எனக்குச் சரிதான். ஆனால் கை வராது என்று நினைத்துக்கொண்டு அவள் ஃபிட்டரை விட்டுப் போகக் கூடாது. நாளைக்கே அவளை வைஸ் முன்னால் நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லிப் பார். அரத்தில் கொஞ்சம் சாக்பீஸ் தேய்த்துக் கொடு, துகள் அப்பாது. முன்னால் தள்ளும்போது மட்டும்தான் அரம் வெட்டும், இழுக்கும்போது அழுத்தக் கூடாது என்று அவள் கையைப் பிடித்துக் காட்டு. நீயும் ஒரு பெண் என்பதால் உன்னால் அது முடியும். நான் செய்யத் தயங்கியிருப்பேன்.

என்னுடைய பழைய வெர்னியரையும், அரம் துடைக்கிற கம்பி பிரஷையும் பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன். அம்மா முறுக்கு வைத்திருக்கிறாள். பலகை அங்கேயே கிடைக்கும், ஸ்டோரில் கேள். ஒன்றரை அங்குல கனம் போதும், ஆடாமல் இருக்க வேண்டும். அவள் அதன்மேல் நின்று ராவிய பிறகு மூலைமட்டத்தில் வெளிச்சம் தெரிகிறதா என்று ராத்திரி ஃபோன் பண்ணிச் சொல். எவ்வளவு நேரமானாலும் முழித்திருப்பேன்.

உன்
அப்பா