ரசிகர் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2017–18

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2017 செப்டம்பரிலிருந்து இந்த ஆகஸ்ட் வரை நம் வட்டம் செய்த பணிகளையும், இன்னும் பத்துப் பதினைந்து நாளில் தொடங்கப்போகும் சீசனுக்கு முன் நாம் பேசிக்கொள்ள வேண்டியவற்றையும் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இந்த முறை இரண்டாம் பகுதிதான் நீளமாக இருக்கும். வேலைக்காக வந்து பிலடெல்பியாவின் புறநகர்களிலும் தென் ஜெர்சியிலும் டெலவேரிலும் குடியேறிய நமக்கு இந்த ஊரின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான பிலடெல்பியா ஈகிள்ஸ் தந்த மிகப் பெரிய ஆண்டு இது. அது எப்படி நடந்தது என்பதைப் பதிவு செய்து வைப்பது செயலாளரின் கடமை.

முதலில் வழக்கமான செய்திகள். செயற்குழு தவறாமல் கூடியது. வெளியூர் ஆட்டங்களை உறுப்பினர்களின் வீடுகளில் சேர்ந்து பார்த்தோம். லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்கு என்று முன்பதிவு செய்திருந்த கூடம் கடைசி நேரத்தில் கிடைக்காமல் போனது. உறுப்பினர் ஒருவர் தன் வீட்டு பேஸ்மென்ட்டைத் திறந்துவிட, பெரிய பாத்திரத்தில் பிரியாணியும் இன்னொரு பக்கம் சிக்கன் விங்ஸுமாக அன்றைய விருந்து நடந்தது. அந்தக் குடும்பத்துக்கு இந்த அவையின் நன்றி. பிப்ரவரி 8 அன்று பிராட் தெருவில் நடந்த வெற்றி ஊர்வலத்துக்கு உறுப்பினர்கள் பலர் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

புதிதாக வந்தவர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு இந்த ஆண்டும் நடந்தது. சேலத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஐயா ஒருவர், பந்தை எறியும் குவாட்டர்பேக்குக்கு அரணாக முன்வரிசையில் நிற்கும் லைனைக் காட்டி, "அந்த அஞ்சு பேரும் பந்தைத் தொடவே மாட்டேங்கிறாங்களே, அவங்களுக்கு என்னதான் வேலை?" என்று கேட்டார். கபடியில் கார்னர் ஆட்டக்காரர் சரியாக நிற்கவில்லை என்றால் அணி முழுவதும் சிதறிவிடும் அல்லவா, இங்கே ஓரத்தில் நிற்கும் டேக்கிளும் அப்படித்தான் என்றதும் உடனே பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பந்தைப் பார்க்கவே இல்லை, லைனைத்தான் பார்த்தார். இந்த சீசனில் நாம் எல்லோரும் அப்படிப் பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஏன் என்பதற்குச் சென்ற ஆண்டே சாட்சி.

டிசம்பர் 10, லாஸ் ஏஞ்சலிஸ். ராம்ஸுக்கு எதிராக டச் டவுன் புள்ளிக்காக எண்ட் ஸோனுக்குள் பாய்ந்த நம் முதல் குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த டச் டவுன் செல்லாது என்று ஆகிவிட, அவர் அதே காலோடு இன்னும் நான்கு பிளே ஆடி, அல்ஷான் ஜெஃப்ரிக்கு டச் டவுன் எறிந்துவிட்டுத்தான் வெளியே போனார். அது அந்த சீசனில் அவருடைய 33-வது டச் டவுன் பாஸ். ஆட்டத்தை 43-35 என்று வென்றோம், ஆனால் அன்று இரவு நம்மில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. சீசன் முடிந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அதற்கு அடுத்து நடந்தது ஊருக்கே தெரியும். மாற்று குவாட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் வந்தார். ஜயன்ட்ஸுக்கு எதிராக நான்கு டச் டவுன். அப்புறம் ரெய்டர்ஸ் ஆட்டத்தில் தடுமாற்றம், கௌபாய்ஸிடம் 6-0 தோல்வி. பிளேஆஃபில் ஃபால்கன்ஸை 15-10 என்று தட்டுத்தடுமாறித் தாண்டினோம். ஜனவரி 21 அன்று, அந்த ஆண்டு லீகிலேயே மிகக் குறைந்த புள்ளிகள் விட்டுக்கொடுத்த வைக்கிங்ஸ் தடுப்பை அவர் 352 யார்டு எறிந்து கலைத்தார், 38-7. பிப்ரவரி 4, மின்னியாபொலிஸில் சூப்பர் பௌல், பேட்ரியட்ஸ், 41-33. 373 யார்டு, மூன்று டச் டவுன் பாஸ், கடைசி வாய்ப்பான நான்காம் டவுனில் தானே பிடித்த ஒரு டச் டவுன், ஆட்டநாயகன் விருது. 1960-க்குப் பிறகு இந்த அணிக்கு முதல் சாம்பியன் பட்டம், முதல் சூப்பர் பௌல்.

ஃபோல்ஸின் புகழில் பங்கு கேட்க நான் வரவில்லை. அவருக்கு எவ்வளவு புகழ் வந்தாலும் தகும். 2013-ல் இதே ஊரில் 27 டச் டவுனுக்கு இரண்டே இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பந்து) எறிந்தவர், பிறகு ராம்ஸுக்கு மாற்றப்பட்டு, ஒரு கட்டத்தில் ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்து, கான்சாஸ் சிட்டியில் பெஞ்சில் உட்கார்ந்து திரும்பி வந்தவர். ஆனால் அந்த சூப்பர் பௌலில் அவர் ஒரு முறைகூட சாக் ஆகவில்லை, அதாவது எறியும் முன்பே எதிரணியிடம் பிடிபட்டு விழவில்லை. அதைப் போதுமான அளவு யாரும் பேசவில்லை என்பது என் வருத்தம்.

ஏனென்றால் அன்று இடது டேக்கிளில் நின்றவரும் மாற்று ஆட்டக்காரர்தான். வென்ட்ஸ் விழுவதற்கு ஏழு வாரம் முன்பே, அக்டோபர் 23 அன்று வாஷிங்டன் ஆட்டத்தில் ஜேசன் பீட்டர்ஸின் முழங்கால் போய்விட்டது. நட்சத்திர ஆட்டமான புரோ பௌலுக்கு ஒன்பது முறை தேர்வானவர். குவாட்டர்பேக் வலது கைக்காரர் என்றால் அவர் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தைக் காப்பவர். அந்த இடத்துக்கு வந்தவர் ஹலபூலிவாட்டி வைட்டாய். பெயர் நீளம் என்பதால் ஊரே அவரை பிக் வி என்கிறது. அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2016-ல் ஐந்தாம் சுற்றில் வந்தவர். லேன் ஜான்சன் 10 ஆட்டத் தடையில் இருந்தபோது வலது டேக்கிளில் முதல் முறையாக இறக்கப்பட்டார். அன்று எதிரணியான வாஷிங்டனின் ரையன் கெரிகன் அவரைத் தாண்டிப் போய்ப் போய் இரண்டரை சாக் எடுத்தார். பல அணிகளில் அந்த ஒரு நாளோடு ஒரு இளைஞனின் கதை முடிந்திருக்கும். இங்கே லைன் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் அவரை விடவில்லை. காலடி, கை வைக்கும் இடம், இடுப்பின் உயரம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பொறுமையின் பலனை மின்னியாபொலிஸில் பார்த்தோம்.

டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் இடது கார்டும் அப்படித்தான். ஐசக் சேமாலோவோடு தொடங்கிய இடம், சில வாரங்களில் ஸ்டெஃபன் விஸ்னியெவ்ஸ்கியிடம் போய் நிலைத்தது. ஆக, பட்டம் வென்ற அணியின் குவாட்டர்பேக், இடது டேக்கிள், இடது கார்டு என்று அடுத்தடுத்து மூன்று இடங்களிலும் செப்டம்பரில் பெஞ்சில் இருந்தவர்கள்.

இந்த ஊரில் நீண்ட காலமாக இருக்கும் உறுப்பினர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். 1986-ல் ஈகிள்ஸ் குவாட்டர்பேக்குகள் 104 முறை சாக் ஆனார்கள். லீகின் வரலாற்றில் வேறெந்த அணியும் ஒரு சீசனில் அத்தனை அடி வாங்கியதில்லை. 1991-ல் தடுப்பு லீகிலேயே முதலிடம். ஆனால் முதல் ஆட்டத்திலேயே கிரீன் பேயில் ராண்டல் கன்னிங்ஹாமின் முழங்கால் போய், அந்த ஆண்டு ஐந்து குவாட்டர்பேக்குகள் எறிய வேண்டியதாயிற்று. 10 வெற்றி இருந்தும் பிளேஆஃப் இல்லை. 2002-ல் டொனோவன் மக்நாப் கணுக்கால் உடைந்து உட்கார்ந்தபோது ஏ.ஜே. ஃபீலி ஐந்து ஆட்டத்தில் நான்கை வென்று கொடுத்தார். 2006-ல் ஜெஃப் கார்சியா பிரிவுப் பட்டத்தையே வாங்கித் தந்தார். இந்த ஊரில் இரண்டாவது குவாட்டர்பேக்கைப் பற்றி மக்கள் மேயர் தேர்தலைப் போல அக்கறையாகப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

சரி, இந்த ஆண்டு எங்கே நிற்கிறோம்?

வென்ட்ஸுக்கு மோதலுக்கான மருத்துவ அனுமதி இன்னும் வரவில்லை. அவரை அவசரப்படுத்தக் கூடாது என்பதில் செயற்குழுவில் இரண்டு கருத்து இல்லை. ஆகவே செப்டம்பர் 6 அன்று ஃபால்கன்ஸுக்கு எதிராக ஃபோல்ஸே தொடங்கக்கூடும். அவருடைய ஒப்பந்தத்தை ஏப்ரலில் அணி திருத்தி எழுதியது மனதுக்கு நிறைவைத் தந்தது. அப்படி ஒரு ஆட்டத்துக்குப் பிறகும் இரண்டாம் இடத்துக்குத் திரும்பத் தயாராக இருக்கும் மனிதரை மதிப்போடு நடத்த வேண்டும் அல்லவா?

ஆனால் இந்த மாதம் அவருக்கு நன்றாகப் போகவில்லை. 16-ம் தேதி பேட்ரியட்ஸுடனான பயிற்சி ஆட்டத்தில் பந்தைப் பறிகொடுத்து, தோளிலும் அடிபட்டு வெளியேறினார். 23-ம் தேதி கிளீவ்லண்டில் இரண்டு இன்டர்செப்ஷன், ஆட்டம் 5-0 தோல்வி. பல உறுப்பினர்கள் கவலையோடு என்னை அழைத்தார்கள். பயிற்சி ஆட்டத்தின் ஸ்கோரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சென்ற டிசம்பர் கடைசியிலும் அவர் இப்படித்தான் தெரிந்தார். அடுத்த மூன்று வாரத்தில் தலைமைப் பயிற்சியாளர் டக் பீடர்சனும், அவருக்குக் கீழிருந்த பயிற்சியாளர்கள் ஃபிராங்க் ரைக்கும் ஜான் டிஃபிலிப்போவும் அவருக்குப் பழக்கமான பிளேக்களைத் தேடி எடுத்து, ஓடுவதா எறிவதா என்பதை ஸ்னாப்புக்குப் பின், அதாவது பந்து கைக்கு வந்த பின், முடிவு செய்யும் ஆர்.பி.ஓ. முறையை அதிகமாக்கி, ஆட்டத்தின் வேகத்தையும் மாற்றிக் கொடுத்தார்கள். என் உண்மையான கவலை அங்கேதான் இருக்கிறது. இந்த 2018 சீசனில் ரைக் கோல்ட்ஸின் தலைமைப் பயிற்சியாளர், டிஃபிலிப்போ வைக்கிங்ஸில். மைக் க்ரோவும் பிரஸ் டெய்லரும் அந்தப் பொறுப்புகளுக்கு உயர்த்தப்பட்டிருக்கிறார்கள். மாற்று குவாட்டர்பேக் மட்டும் இருந்தால் போதாது, அவருக்கேற்ற சட்டையைத் தைத்துக் கொடுப்பவர்களும் வேண்டும்.

மூன்றாவதாக நேட் சட்ஃபெல்ட் இருக்கிறார். வாஷிங்டன் விடுவித்த பிறகு, பயிற்சிக்கு மட்டுமான பிராக்டீஸ் ஸ்குவாடில் சேர்ந்தவர். சென்ற நவம்பரில் கோல்ட்ஸ் அவரைக் கேட்டபோது, அவரை இழக்காமல் இருக்க ஈகிள்ஸ் 53 பேர் பட்டியலிலேயே இடம் கொடுத்தது. மூன்றாவது ஆளுக்காக அப்படி ஓர் இடத்தைச் செலவழித்த நிர்வாகத்தை நான் நம்புகிறேன்.

லைனுக்கு வருகிறேன். நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டர் ஜேசன் கெல்சி, வலது கார்டு பிராண்டன் புரூக்ஸ், வலது டேக்கிள் லேன் ஜான்சன். இந்த வலப்பக்கத்தைப் போல இன்னொரு அணியில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. இடது டேக்கிளில் பீட்டர்ஸ் திரும்பியிருக்கிறார். 36 வயது, பெரிய அறுவைச் சிகிச்சை முடிந்த கால். அவர் முழு சீசனும் நிற்க வேண்டும் என்பது என் பிரார்த்தனை. நிற்பார் என்று கணக்குப் போடுவது வேறு.

இங்கே ஒரு கணக்கைப் புதிய உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். இந்த 2018 சீசனின் விதிப்படி 53 பேர் அணியில் ஆட்ட நாளன்று உடை உடுத்துபவர்கள் 46 பேர்தான். அதில் லைனுக்குப் பெரும்பாலும் ஏழு இடம் கிடைக்கும். ஐந்து பேர் களத்தில் என்றால் பெஞ்சில் இரண்டே பேர். அந்த இரண்டு பேர் ஐந்து இடத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் இரண்டு பக்க டேக்கிளும் ஆட வேண்டும், இன்னொருவர் இரண்டு கார்டோடு சென்டரும் ஆட வேண்டும். வைட்டாய் முதல் வேலையைச் செய்துகாட்டியவர். இரண்டாவதற்கு சேமாலோ, விஸ்னியெவ்ஸ்கி இருவரில் யார் தொடக்க ஆட்டக்காரர் ஆகவில்லையோ அவர் இருப்பார். விஸ்னியெவ்ஸ்கி ரெய்டர்ஸிலும் ஜாக்குவார்ஸிலும் சென்டர் ஆடியவர் என்பதால் கெல்சிக்கு ஏதாவது ஆனாலும் ஸ்னாப் தடுமாறாது. பல அணிகளில் இந்த ஒரு இடம்தான் ஓட்டையாக இருக்கும். சான்ஸ் வார்மாக், ஆறாம் சுற்றில் வந்த மேட் பிரையர் ஆகியோரும் இருக்கிறார்கள்.

கடைசியாக ஜார்டன் மைலாட்டா. இவரைப் பற்றிப் பேச எனக்குத் தனி ஆசை. சிட்னியில் ரக்பி லீக் ஆடிய இளைஞர், 21 வயது, 6 அடி 8 அங்குலம். ஏப்ரலில் ஏழாம் சுற்றில் 233-வது ஆளாக எடுக்கப்பட்டபோது ஓர் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. ஆகஸ்ட் 9 அன்று ஸ்டீலர்ஸுக்கு எதிரான பயிற்சி ஆட்டம்தான் வாழ்க்கையில் அவருடைய முதல் ஆட்டம். தவறுகள் செய்தார், ஆனால் நகரும்போது அந்த உடம்புக்கு அந்தக் கால்கள் எப்படிக் கிடைத்தன என்று வியந்து பார்த்தேன். இந்த ஆண்டே அவரைக் களத்தில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. செப்டம்பர் 1 அன்று 90 பேர் 53 ஆகக் குறைக்கப்படும்போது அணி அவரை விடுவித்து, பிராக்டீஸ் ஸ்குவாடுக்கு வந்துவிடுவார் என்று நம்பினால் வேறு அணி கொண்டுபோய்விடும். ஆடாவிட்டாலும் 53-ல் ஓர் இடம் கொடுத்து, ஸ்டவுட்லண்டிடம் இரண்டு மூன்று ஆண்டு விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பீட்டர்ஸுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு இப்போதே விதை போட்டால்தான் உண்டு.

செயற்குழுவின் முடிவுகள் சில. ஆட்டம் பார்க்கும் கூட்டங்களில் ஒரு குவார்ட்டர் முழுவதும் லைனை மட்டும் பார்த்துப் பேசும் வழக்கத்தை இந்த சீசனில் தொடங்குகிறோம். பிள்ளைகளுக்கான வகுப்பில் குவாட்டர்பேக்கோடு நிறுத்தாமல் ஐந்து லைன் இடங்களையும் சொல்லித்தர இரண்டு உறுப்பினர்கள் முன்வந்திருக்கிறார்கள். எதிரணிக்கு எதிராக எவ்வளவு கத்தினாலும் சரி, நம் ஆட்டக்காரர் அடிபட்டு விழும்போது மாற்று ஆட்டக்காரரைக் கேலி செய்யும் பேச்சு நம் கூட்டங்களில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சென்ற டிசம்பரில் சிலர் ஃபோல்ஸைப் பற்றிச் சொன்னவற்றைப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீடுகளைத் திறந்து கொடுத்தவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும், ஊர்வல நாளில் ரயில் நிலையத்தில் வழிகாட்டிய இளைஞர்களுக்கும் நன்றி. செப்டம்பர் 6, வியாழன் மாலை முதல் ஆட்டம். மறுநாள் வேலை நாள் என்பதால் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துவிடுவோம். யார் என்ன கொண்டு வருகிறீர்கள் என்பதைத் துணைச் செயலாளரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
26 ஆகஸ்ட் 2018