ஆடுகிற ஸ்டியரிங்குக்குப் பழகிவிட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் பழைய காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லி அன்றைக்குச் சாவியைக் கொடுத்தாய் அல்லவா, உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து சீட்டைச் சரிசெய்யப் பார்த்தேன், ஸ்டியரிங் அப்படியே என் கையோடு ஒரு விரற்கடை மேலே எழும்பி வந்தது. "பழைய கார்னா இப்படித்தான்ணே, பழகிடுச்சு" என்றாய். எனக்கு அந்த "பழகிடுச்சு"தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீ அந்த வண்டியை எவ்வளவு ஆசையாகத் துடைத்து வைத்திருக்கிறாய் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். இது வயதான வண்டியின் குணம் இல்லை, சரிசெய்யக்கூடிய பழுது.

முதலில் ஆட்டம் எங்கே என்று கண்டுபிடி. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்பாமல் சும்மா கொஞ்சம் சுற்றினால், அது ஸ்டியரிங் பாக்ஸிலோ, கீழே இருக்கிற ரப்பர் கப்ளிங்கிலோ, டை ராட் (சக்கரத்தைத் திருப்புகிற கம்பி) முனைகளிலோ இருக்கிற தேய்மானம். அது வேறு வேலை. திருப்பாமல், மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பார்க்கும்போது மொத்தமும் ஆடினால்தான் ஸ்டியரிங் தூணில், அதாவது வீலைத் தாங்குகிற காலம் (column) என்கிற பகுதியில் கோளாறு. நீ அசைக்க, இன்னொருவர் டார்ச்சோடு டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்க்கட்டும். அங்கே தூணைப் பிடித்திருக்கிற பிராக்கெட்டின் நட்டு லூஸாக இருந்தால் அதிர்ஷ்டம், ஸ்பேனரோடு முடிந்துவிடும். ஆனால் நட்டு தொலைந்துவிட்டது என்று கையில் கிடைத்த நீள போல்ட்டைப் போட்டுவிடாதே, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். சில பழைய பிரிட்டிஷ் கார்களில் தூணின் மேல்முனையில் ஃபெல்ட் புஷ் (அழுத்திய கம்பளித் துணியாலான வளையம்) இருக்கும், அது நைந்து போனாலும் இதே ஆட்டம்தான்.

உன்னுடையது அப்படி இல்லை. டாஷ்போர்டு பக்கம் அசையாமல் நிற்கிறது, சாய்க்கிற லீவருக்கு மேலே மட்டும் ஆடுகிறது. 1970-களின் அமெரிக்கக் கார்களில் டில்ட் (மேலும் கீழும் சாய்த்துக்கொள்ளும் வசதி) வைத்த ஸ்டியரிங்குக்கு இது நன்றாகத் தெரிந்த வியாதி. உள்ளே சாய்கிற பகுதியைத் தாங்கும் துண்டை நான்கு போல்ட்டுகள் பிடித்திருக்கும். கதவைப் பிடித்து ஏறுவதற்குப் பதில் ஸ்டியரிங்கைப் பிடித்து ஏறி இறங்குகிற பழக்கத்தில், வருடக்கணக்கில் அந்த நான்கும் மெல்ல மெல்ல மரை கழன்று வரும். போல்ட் சின்னதுதான், ஆனால் அதைப் போய்த் தொட மேலே இருக்கிற எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், அதனால்தான் பல மெக்கானிக்குகள் இதில் கைவைக்காமல் நழுவுகிறார்கள்.

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு ஆரம்பி. முன்சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங் வீலுக்கும் ஷாஃப்ட்டுக்கும் ஒரு கோடு போட்டுக்கொள். நட்டைக் கழற்றியபின் வீலை எடுக்கப் புல்லர் (திருகி இழுத்தெடுக்கும் கருவி) மட்டும்தான். சுத்தியல் கூடாது. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன், ஏனென்றால் நான் ஒரு காரில் "ரெண்டு தட்டு தட்டினா வந்துரும்" என்று ஷாஃப்ட் முனையில் அடித்தவன். வீல் வந்தது, கூடவே முன்னும் பின்னும் ஒரு புது ஆட்டமும் வந்தது, கடைசியில் ஸ்டியரிங் தூணையே மாற்ற வேண்டியதாயிற்று. விபத்தில் டிரைவரின் மார்பில் ஈட்டி மாதிரி பாயாமல் மடங்க வேண்டும் என்றுதான் ஷாஃப்ட்டை இரண்டு துண்டாகச் செய்து நடுவில் பிளாஸ்டிக் ஊசிகளால் பிடித்திருக்கிறார்கள்; மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் நேராக மோதினால் ஸ்டியரிங் பின்னால் வரும் தூரம் 127 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது 1968-இலிருந்து அமெரிக்க விதி. அந்த ஊசிகளைத்தான் நான் உடைத்தேன். பிராக்கெட்டும் மோதலில் விட்டுக்கொடுக்கும்படி செய்ததுதான், தவறான நீள போல்ட் போட்டால் அது விட்டுக்கொடுக்காமல் போகலாம்.

அப்புறம் லாக் பிளேட், சாவியை எடுத்தால் ஸ்டியரிங்கைப் பூட்டுகிற தகடு. அதை அமுக்கி வைக்கத் தனிக் கருவி இருக்கிறது, அதை வைத்து அமுக்கினால்தான் தகட்டைப் பிடித்திருக்கிற ரிங்கை எடுக்க முடியும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதே, தெறிக்கும். அடுத்து இண்டிகேட்டர் சுவிட்ச், சாவி லாக், கவர். ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடு, ஒயர் போகிற வழியை இரண்டு போட்டோ. டில்ட் ஸ்பிரிங்கை எடுக்கும்போது ஸ்டியரிங்கை முழுசாக மேலே தூக்கிவைத்துவிட்டு எடு, அப்போதுதான் அழுத்தம் குறைவாக இருக்கும். இரு பக்கமும் இருக்கிற பிவட் பின்களின் (ஸ்டியரிங் சாய்வதற்கு அச்சாக இருப்பவை) தலையில் மரை போட்ட சின்ன ஓட்டை இருக்கும், அதில் பொருந்தும் திருகை விட்டு, சாக்கெட்டும் வாஷரும் வைத்து மெதுவாக முறுக்கினால் பின் வெளியே வந்துவிடும். சரி, இப்போது அந்த நான்கு போல்ட்டும் தெரியும். தலை வெளிப்பக்கம் நட்சத்திர வடிவில் இருக்கும், ஈ8 சாக்கெட் பொருந்தும்.

நான்கையும் ஒரேயடியாகக் கழற்றிவிடாதே. ஒன்றை எடு, மரையிலிருந்து பழைய கிரீஸை முழுக்கத் துடை, நீல நிற த்ரெட் லாக்கர் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு, திரும்ப முறுக்கு, அடுத்ததற்குப் போ. கிரீஸ் இருந்தால் லாக்கர் பிடிக்காது, வேலை அத்தனையும் வீண். எவ்வளவு டைட் என்பதற்கு உன் வண்டியின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்து டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) போடு, கைக்கணக்கு வேண்டாம்.

எல்லாம் மாட்டியபின் உடனே ரோட்டுக்குப் போகாதே, லாக்கருக்கு ஒரு நாள் கொடு. பிறகு நின்ற இடத்திலேயே டில்டின் ஒவ்வொரு நிலையிலும் பிடித்து அசைத்துப் பார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தட்டாமல் திரும்புகிறதா, சாவி லாக் சரியாக விழுந்து விடுபடுகிறதா, இண்டிகேட்டர் தானே அணைகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று பார்.

பிவட் பின் வராமல் அடம்பிடித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குக் கூப்பிடு, புல்லரோடு வந்துவிடுகிறேன். அதுவரைக்கும் வண்டியை வெளியே எடுக்காதே தம்பி.

அன்புடன்,
அண்ணன்